டவர் நைனாவும் எட்டாவது பாட்டின் எருமையும்

தென் சென்னையில் மிக அதிகமான கல்யாணங்களைப் பார்த்தவர், ஆனால் ஒன்றில்கூடக் கை நனைக்காதவர் யார் என்று யாராவது போட்டி வைத்தால், பரிசு எனக்குத்தான். விடை: டவர் நைனா. புரோகிதர்கள், நாதஸ்வரக்காரர்கள், பந்தி பரிமாறுகிறவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவர்கள். அவர்களெல்லாம் ஒரு கல்யாணத்தை ஒரு தடவைதான் பார்க்கிறார்கள். நைனா ஒரே கல்யாணத்தை ஐம்பது தடவை பார்ப்பார். தாலி கட்டும் இடத்தில் ஐம்பது தடவையும் மூக்கை உறிஞ்சுவார்.

மந்தைவெளியில் ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டி அவருடைய கடை இருந்தது. கடை என்றால், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் காலை வெளியே நீட்டிக்கொள்ள வேண்டிய இடம். கல்யாண வீடியோ, அறுபதாம் கல்யாணம், அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா என்று எதைக் கொடுத்தாலும் ஐம்பது, நூறு என்று சி.டி. போட்டுத் தருவது அவர் தொழில். பாட்டும் படமும் இன்னும் கைப்பேசிக்குள் குடியேறாத காலம் அது. வாசலில் 'பிரதி எடுக்கப்படும்' என்று பலகை தொங்கியதால், ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "இத்த எந்தப் பொட்டில சொருவறது நைனா?" என்று நிதானமாகக் கேட்பார். சின்னவர் பெரியவர், ஆண் பெண், போலீஸ்காரர் என்ற பேதமில்லாமல் பாதிப் பேரை நைனா என்று கூப்பிட்டதால் ஊரும் அவரை அப்படியே கூப்பிட்டது. சொந்தப் பெயர் என்னவென்று அவர் வீட்டிலாவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

டவர் என்பது அவருடைய இயந்திரம். இரும்புச் சட்டத்தில் அடுக்கடுக்காகப் பெட்டிகள். மேலே இருப்பதில் மூல சி.டி.யைப் போட வேண்டும். கீழே இருக்கும் ஏழிலும் வெறும் சி.டி.க்களைப் போட்டால், மேலே ஓடுவது கீழே பதியும். மேல் பெட்டிக்கு அவர் வைத்திருந்த பெயர் மாமியார். கீழே இருந்த ஏழும் மருமகள்கள்.

"மாமியார் இன்னா சொல்றாளோ அத்த அப்டியே திருப்பிச் சொல்லணும் சார். ஒரு வார்த்த மாத்துனா தட்டு போச்சு" என்பார். சி.டி. அவருக்குத் தட்டு. மூன்றாவது மருமகள் மட்டும் அடிக்கடி முறைத்துக்கொண்டு பாதியில் நின்றுவிடுவாள். அவளைத் தட்ட மாட்டார், திட்ட மாட்டார். "அவ அம்மா வூட்டுக்குப் போய் வரட்டும்" என்று சுவிட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

தூசி பறக்கும் என்று கடையில் மின்விசிறி கிடையாது. சித்திரை மாதம் வாடிக்கையாளர்கள் உள்ளே நனைந்த துணிபோல் உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாத ஒரு சட்டம் அவரிடம் இருந்தது. "கேக்காத தட்டு கடைய வுட்டு வெளிய போவாது" என்பதுதான் அது.

அதாவது, நூறு சி.டி. போட்டால் நூறையும் முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பார் அல்லது கேட்பார். நடுவில் ஓட்ட மாட்டார். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஓட்டைக்குப் பக்கத்தில் நீல ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்தால் பாஸ். மருமகள்கள் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்ட வேலையை நைனா மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். 'கல்யாண சி.டி. கைக்கு வருவதற்குள் சீமந்தம் வந்துவிடும்' என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்வார்கள்.

இதனால் அவருக்கு மந்தைவெளிக் குடும்பங்களின் உள்விவகாரம் எல்லாம் அத்துப்படி. ஒருநாள் காய்கறிக் கடையில், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, நல்லா கீறியா? ஒங்க சித்தப்பா இன்னும் பேசறதில்லியா? பாயசம் வரலன்னு பந்தியில எழுந்து பூட்டாரே!"

அந்தப் பெண் தக்காளியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு விழித்தது. "நீங்க எங்க சைடா, மாப்பிள்ளை சைடா?"

"நான் சி.டி. சைடும்மா."

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி, பெண்ணின் அரங்கேற்றத்தை அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கொண்டுவந்தார். வாங்க வந்த அன்று நைனா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். "ஆட்டம் சோக்கா கீதும்மா. மொத வரிசைல ஒரு பெரியவர் தூங்கிக்கினே கீறாரு. அவர எழுப்பி ஒக்கார வச்சிட்டு மறுபடி எடுத்தா நல்லாருக்கும்."

"அவர் எங்காத்து மாமனார். முழிச்சுண்டிருந்தாத்தான் எல்லாரும் பயந்துண்டிருப்போம், நீங்க கொடுங்கோ" என்று மாமி பிடுங்கிக்கொண்டு போனார்.

கோடம்பாக்கத்திலிருந்து ஒருவன் புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக நூறு பிரதி போடக் கேட்டு வந்தபோது நைனா துரத்தியடித்ததை வைத்து, அவர் நேர்மைக்காகப் பாராட்டுக் கூட்டம் நடத்தலாமா என்றுகூடத் தெருவில் பேச்சு வந்தது. உண்மை எனக்குத் தெரியும். என்னிடமே சொன்னார்: "படத்த ஒரு தபா பாத்துட்டேன் சார். அதுக்கே தல நோவுது. நூறு தபா பாக்க நம்மளால ஆவாது."

இப்படிப்பட்டவரிடம், திருவிழாவுக்குள் வேண்டும் என்று அவசர வேலையைக் கொண்டுபோய்க் கொடுத்த புத்திசாலி நான்தான்.

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு அப்போது உயிர் போகிற பிரச்சினை. புதிதாக வந்திருந்த பங்குத் தந்தைக்கு எங்கள் பாட்டு பழசாகத் தெரிந்தது. கிதார், டிரம் பேட் எல்லாம் வைத்துக்கொண்டு இளைஞர்கள் பாடினால் கோயில் களைகட்டும் என்று நினைத்தார். தப்பில்லை. ஆனால் எங்கள் குழுவை நடத்தியவர் ஸ்டெல்லா டீச்சர். கான்வென்ட்டில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்த பிறகும், ஞாயிறு தவறாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாடகர் மாடத்துப் படிகளை ஏறி வருகிறவர். அவருக்கு அந்த மாடத்தை விட்டால் வேறு உலகம் கிடையாது. அவரிடம் போய் ஃபாதர் சிரித்துக்கொண்டே, "நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாமே டீச்சர்?" என்றார்.

டீச்சரும் சிரித்தார். அவர் வகுப்பில் படித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும். "ஃபாதர், திருவிழாவுக்கு நாங்க ஒரு சி.டி. போடுறோம். ஜனங்க வாங்கினா நாங்க மேலேயே இருக்கோம். வாங்கலன்னா நாங்களே படி இறங்கிடுறோம்."

"ஒண்ணுகூட மீதி இருக்கக் கூடாது, சரிதானா?" என்றார் ஃபாதர்.

"சரிதான்" என்றார் டீச்சர். அருகே நின்ற எங்களுக்கெல்லாம் வியர்த்துவிட்டது.

கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவை அரைநாளைக்குப் பிடித்துப் பாடிப் பதிவு செய்தோம். எல்லாம் டீச்சர் மெட்டமைத்த எங்கள் சொந்தப் பாட்டுகள். அதைச் சல்லிசாக நிறையப் பிரதி எடுக்க வழி கண்டுபிடிக்கும் பொறுப்பு, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த என் தலையில் விழுந்தது. ஆபீசில் எனக்கு வேலையில்லை என்பது குழுவில் பொதுவான நம்பிக்கை.

முதலில், அச்சு வைத்து அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் விசாரித்தேன். ஒரு பிரதியின் விலை அங்கேதான் குறைச்சல். ஆனால் ஆயிரத்துக்குக் கீழே இயந்திரத்தைத் தொடவே மாட்டார்களாம். எங்கள் பங்கில் அத்தனை வீடு கிடையாது. மீதியை ஸ்டெல்லா டீச்சர் வீட்டு மாடிப்படியில் அடுக்கிவைத்து அவரையும் அதன் மேலேயே உட்கார வைக்க வேண்டியதுதான். அடுத்து, மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சந்துக் கடை. காலையில் கொடுத்தால் சாயந்திரம் ரெடி என்றார்கள். மாதிரிக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். மூன்று பாட்டு அருமையாக ஓடியது. நான்காவதாக ஒரு வைத்தியர் வந்து மூட்டுவலிக்கு என்ன சாப்பிடலாம் என்று விளக்க ஆரம்பித்தார். டீச்சர் முழுவதையும் கேட்டுக் குறிப்பு எடுத்துக்கொண்டாரே தவிர, அந்தக் கடை வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாவது வழி, என் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக நாமே போடுவது. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தோம். உருப்படியானதைவிட டம்ளருக்கு அடியில் வைக்க உதவியவைதான் அதிகம். நண்பரின் மனைவி இனிமேல் என்னை வீட்டுக்குள் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

மிச்சம் இருந்தது டவர் நைனா. விலையும் கட்டுப்படியானது, வீட்டுக்கும் பக்கம். டீச்சரையும் கூட்டிக்கொண்டு போனேன். மூல சி.டி.யைக் கேட்காமல் கை வைக்க மாட்டேன் என்று எங்களை எதிரே உட்கார வைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மின்விசிறி இல்லாத அறையில் நாங்கள் இருவரும் ஆவியில் வெந்துகொண்டிருந்தோம். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"அல்லாம் சூப்பரா கீது டீச்சர். எட்டாவது பாட்டுல மட்டும் ஒரு எருமை கீது."

"எருமையா?" என்றேன்.

"ஆமா சார். அல்லாரும் மேல போய்க்கினு கீறாங்க. ஒருத்தன் மட்டும் அடியில தனியா கத்திக்கினு கீறான். யாரா இருந்தாலும் அவனுக்கு சுருதின்னா இன்னான்னு யாரும் சொன்னதே இல்ல போல."

எங்கள் குழுவில் அடிக்குரலில் பாடியவன் நான் ஒருவன்தான். ஸ்டெல்லா டீச்சர் கடையின் கூரையை ஆராய ஆரம்பித்தார். நான் தலையாட்டி, "எந்தக் குழுவுலயும் இப்படி ஒருத்தன் இருக்கத்தான் செய்றான்" என்று சொல்லிவைத்தேன்.

"எடுத்துடலாம் டீச்சர். கீழ் சத்தத்த மட்டும் கொறச்சி புதுசா மாஸ்டர் போட்டுட்டா எருமை காலி" என்றார் நைனா. சொன்னபடியே கம்ப்யூட்டரில் என்னமோ செய்து, இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். முதலில் என்னோடு. பிறகு நான் இல்லாமல். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், நான் இல்லாதது நன்றாகத்தான் இருந்தது. பளிங்கு மாதிரி இருந்தது. ஃபாதர் கேட்டால் அசந்துபோவார். மாடம் எங்களுக்கே என்று ஆகிவிடும். நானே, "எடுத்துடலாம் டீச்சர், குழு முக்கியம்" என்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "வேண்டாம். எருமையோடவே போடுங்க."

"இன்னா டீச்சர், தெரிஞ்சிக்கினே..."

"அந்த எருமை ஒரு ஞாயிறு லீவு போட்டதில்லை. நாங்க படி இறங்கினாலும் சேர்ந்தே இறங்கறோம். ஃபாதருக்காக எங்க ஆளைத் துரத்திட்டு மேல நிக்கறது என்ன பாட்டு?"

நைனா டீச்சரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மூன்றாவது மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒங்க இஷ்டம்" என்று பழைய மாஸ்டரையே மாமியார் வாயில் கொடுத்தார்.

மருமகள்கள் அந்த வாரமே முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தொடங்கியது பேஜார். அத்தனையையும் நைனா கேட்டு முடிக்க, அடுத்த வருஷத் திருவிழா வந்துவிடும். கெஞ்சினோம், கத்தினோம். "புள்ளி வைக்காம ஒரு தட்டு குடுத்தா நான் நைனாவே இல்ல" என்றார். கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் டீச்சர்தான் கணக்கு டீச்சராக யோசித்தார். "நீங்க ஒருத்தர்தான் கேக்கணும்னு இருக்கா? நாங்களும் கேக்கறோம்."

நைனா யோசித்து, ஒரு பரீட்சை வைத்தால் சம்மதம் என்றார். வேண்டுமென்றே கீறிய ஒரு சி.டி.யை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, எங்கே இழுக்கிறது என்று கேட்டார். தவறாகச் சொன்ன, எங்கள் குழுவில் பாடும் ஒரு தபால்காரரை, "ஒனக்குக் காது கண்ணாடி மாட்டறதுக்கு வச்சது நைனா" என்று அனுப்பிவிட்டார். பாஸானவர்கள் கையோடு ஒரு பிளேயரும் ஹெட்ஃபோனும் கொண்டுவந்தோம். கடை கொள்ளாததால் ஆட்டோ ஸ்டாண்டு வரை நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

இங்கேதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பாடகர் குழுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்கள் பாட்டைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வராது. காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. ஒருவர் மூன்றாவது பாட்டில் உச்சத்தில் இருப்பார். பக்கத்தில் இருப்பவர் ஆறாவதில் உருகுவார். இன்னொருவர் ஆமென் சொல்லி முடிப்பார். நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எருமை யார் என்று நைனாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்.

முதல் நாள் ஆட்டோக்காரர்கள், "இன்னா நைனா, பேய் ஓட்றியா?" என்றார்கள். நாலைந்து நாளில் அவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இஸ்திரி போடுகிறவர் எட்டாவது பாட்டின் பாதியோடு துணி தேய்த்துக்கொண்டிருந்தார். பூக்காரம்மாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"தெனம் துண்டு துண்டா கேட்டுக்கினு கீறேன். முழுப் பாட்டும் எப்டிதான் கீது? பெருசா போடேன் நைனா!"

"ரிலீஸுக்கு முன்ன போட மாட்டேன். வேணும்னா திருவிழாவுக்கு வந்து வாங்கிக்கோ" என்றார் நைனா கறாராக.

வந்தார்கள். தேர்த் திருவிழா அன்று எங்கள் மேசைக்கு முன்னால் ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் சீருடையோடு நின்றது. பூக்காரம்மா இரண்டு வாங்கினார், ஒன்று தன் அக்காவுக்கு. இஸ்திரிக்காரருக்குப் பின்னால்தான் பங்கு ஜனங்களே வரிசையில் நின்றார்கள். தேர் கோயிலை வந்து சேர்வதற்குள் மேசை காலி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபாதர் வந்தார்.

"எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்கல்ல டீச்சர்?"

"இல்லையே ஃபாதர். ஒண்ணுகூட மீதி இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஃபாதர் நல்ல மனிதர். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இளைஞர்களுக்குச் சாயங்காலத் திருப்பலி, எங்களுக்குக் காலைத் திருப்பலி என்று ஆயிற்று. ஸ்டெல்லா டீச்சர் அடுத்த ஞாயிறும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். இன்றுவரை ஏறிக்கொண்டிருக்கிறார்.

கேட்பதற்குத் தட்டு தீர்ந்துபோன ஏக்கத்தில், நைனா சில ஞாயிறுகளில் கோயிலுக்கே வர ஆரம்பித்தார். மனம் மாறிவிட்டதோ என்று ஃபாதர் ஆசையோடு விசாரித்தார். "அதெல்லாம் இல்ல சாமி. மாஸ்டர் காப்பி நல்லா கீதான்னு பாக்க வந்தேன்" என்றார் நைனா.

சி.டி.க்களின் காலம் போயிற்று. நைனாவின் கடையில் இப்போது கைப்பேசி சார்ஜர்கள் தொங்குகின்றன. ஒவ்வொரு சார்ஜரிலும் தன் போனை முழுக்க ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் விற்பார் என்பதால் ஒரு நாளைக்கு நாலுதான் விற்கிறது. டவர் மூலையில் இருக்கிறது. மூன்றாவது மருமகள் நிரந்தரமாக அம்மா வீட்டில்.

போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து, வாழ்நாளில் முதல் தடவையாகச் சில ஞாயிறுகள் கோயிலுக்குப் போக முடியவில்லை. ஒருநாள் காலையில் வாசலில் நைனா. கையில் ஒரு பை சாத்துக்குடி. நாற்காலியில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனேன் சார். எட்டாவது பாட்டு பாட்னாங்கோ."

"எப்படி இருந்தது?"

"கிளீனா கீது." அது ஏதோ நோய் மாதிரி சொன்னார். "எருமைய காணோம்."

"எந்த எருமை?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"சும்மா இரு சார். அன்னிக்குக் கடையில அல்லாரும் பாடிக்கினே கேட்டாங்கோ. நீ ஒருத்தன்தான் வாய இறுக்கி மூடிக்கினு குந்திக்கினு இருந்த. அப்பவே தெரிஞ்சிபோச்சி." பையை என் பக்கம் நகர்த்தினார். "சாத்துக்குடிய துன்னுட்டு சீக்கிரம் எழுந்து வா நைனா. அடியில்லாத பாத்திரம் மாரி கீது பாட்டு."

அத்தனை வருஷத்தில் அவர் என்னை 'சார்' என்று சொல்லாமல் 'நைனா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சாத்துக்குடி உரிக்கும் சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, சத்தம் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், எட்டாவது பாட்டில் என்னுடைய சுருதியில் ஆசைதீரக் கத்தினேன். ஸ்டெல்லா டீச்சர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாக என்று கையை உயர்த்திக் காட்டினார். திருப்பலி முடிந்து படியிறங்கி வந்தால், கீழே டவர் நைனா காத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து நீல ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

அன்று மதியம் பிரியாணியை ஸ்பூனால் சாப்பிட்டேன். கையைக் கழுவ மனசு வரவில்லை.